எஸ் டேஷ்

பொண்ணு இல்லீங்ணா, பொண்டாட்டி. உள்ள பரீட்சை எழுதறது எங்கூட்டுக்காரி. காலையிலருந்து எல்லாரும் இதையேதான் கேக்கறாங்க, பொண்ணு எழுதுதுங்களான்னு. கேட்டுல நின்ன வாட்ச்மேன் ஒருபடி மேல போயி, "பேத்தியக் கூட்டிட்டு வந்தீங்களா"ன்னுட்டான். எனக்கு இன்னும் அம்பதே ஆகலைங்க. முன்னால கொஞ்சம் முடி கொட்டிப்போச்சு, அடுப்புக்கிட்டயே நிக்கற பொழப்பு. அதுக்காகப் பேத்தியா?

உக்காருங்க, உக்காருங்க. இந்தப் புங்க மரத்தடிதான் கொஞ்சம் தேவலை. உங்களுக்குப் பொண்ணு எழுதுதுங்களா? நல்லது, நல்லது. ஒரு மணிக்கு மேலதான் விடுவாங்க. நான் மட்டும் இப்படித் திரும்பி உக்காந்துக்கறேன், கேட்டு கண்ணுல படோணும். இல்லீங்க, யாரும் வர்றதாச் சொல்லலை. ஒரு செவப்பு பைக்கு வந்தாலும் வரும். அதுக்குத்தான்.

நான் சந்தேகப்படற ஆளே கிடையாதுங்ணா. அதை முதல்லயே சொல்லிப்போடறேன்.

பேரு சென்னியப்பனுங்க. காங்கேயம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பேக்கரி. தேங்காய் பன்னுன்னா சென்னியப்பன் கடைதான்னு சொல்லுவாங்க, நானாச் சொல்லலை. எங்கூட்டுக்காரி சாந்தாமணி. எனக்குக் கட்டிக் குடுக்கறப்ப ப்ளஸ் டூ எழுதியிருந்தா. எல்லாத்துலயும் பாஸு, கணக்குல மட்டும் போச்சு. சரி போச்சாது போன்னு அவங்கப்பன் எனக்குக் கட்டிக் குடுத்துட்டாரு. அவ கணக்குல பாஸாகியிருந்தா எனக்குக் கெடைச்சிருக்க மாட்டா, அதை நான் ஒத்துக்கறேன். அதனால அந்தப் பாடத்து மேல எனக்கு ஒரு மரியாதையே இருந்துச்சு. இப்பத்தான் இல்லை.

போன வருசம் மகளைக் கோயமுத்தூர்ல காலேஜுல சேத்தி ஹாஸ்டல்ல உட்டுட்டு வந்தோம். ஊடு வெறிச்சுன்னு கெடக்குது. அன்னைக்குப் பொழுதோட சாந்தாமணி டீய ஆத்திக் கையில குடுத்துட்டுச் சொல்றா, "ஏனுங்க மாமா, நான் கணக்கு எழுதட்டுங்களா?" எனக்கு வாயெல்லாம் பல்லு. கடைக் கணக்கத்தான் எழுதறேங்கறான்னு நெனச்சுட்டேன். "எழுது சாமி, உன்னைய யாரு வேண்டாங்கறா"ன்னு வாயக் குடுத்துட்டேன். மக்காநாளு பாத்தா கையில ப்ளஸ் டூ புஸ்தகம். ரெண்டு கெட்டிப் புஸ்தகம். இப்பப் பாடமெல்லாம் மாறிப்போச்சாம், மொதல்லருந்து படிக்கோணுமாம். பிரைவேட்டா எழுதிப் பாஸாகி, அதுக்கப்புறம் தபால்ல காலேஜு படிக்கோணுமாம். கணக்கே எடுத்துப் படிக்கோணுமாம்!

சரின்னேன். படிக்கட்டும். ஊட்லயே உக்காந்து படிச்சா யாரு வேண்டாங்கப் போறா?

ஆனா ஊட்ல உக்காந்து படிச்சா ஏறலையாம். டியூசன் போகோணுமாம். மருந்துக் கடை மாடியில, தகரக் கொட்டாய் போட்டு சம்பத்துன்னு ஒருத்தன் நடத்தறான். வயசு ஒரு முப்பது இருக்கும். கல்யாணம் ஆகலை. ஏன் ஆகலைன்னு யாராச்சும் விசாரிச்சாங்களான்னா, இல்லை. நல்ல வெடிப்பான பையன், சட்டைய மடிச்சு விட்டுட்டு, செவப்பு பைக்குல சர்ர்ருன்னு வருவான். சாந்தாமணிய "அக்கா"ங்கறான். அக்கான்னு கூப்புட்டா ஆச்சுங்களா? எங்கடைக்கு வர்றவனெல்லாம் என்னைய அண்ணாங்கறான், அதுக்குன்னு எல்லாரும் எனக்குத் தம்பியா?

அவளும் "சம்பத் சாரு அப்படிச் சொன்னாருங்க, சம்பத் சாரு இப்படிச் சொன்னாருங்க"ன்னு ஊட்டுல ஒரே சம்பத் சாரு. குழம்பு ஊத்தறப்ப சம்பத் சாரு. துணி மடிக்கறப்ப சம்பத் சாரு. "மைனஸ்ஸப் பாத்துப் பயப்படக் கூடாதுன்னு சம்பத் சாரு சொன்னாருங்க"ங்கறா. நான் இத்தனை வருசமா எத்தனை சொல்லியிருப்பேன், ஒருக்காவாச்சும் "எங்க மாமா சொன்னாரு"ன்னு யார்கிட்டயாச்சும் சொல்லியிருப்பாளா? கேட்டுப் பாத்தேனே, அவ தங்கச்சிகிட்டயே கேட்டேன். இல்லைங்குது.

அப்புறம் இந்த வாசம். ஒரு நாளு டியூசன் முடிஞ்சு வந்து தோசை ஊத்திப் போடறா, கையில கமகமன்னு ஒரு வாசம். சென்ட்டு வாசமும் இல்லை, சோப்பு வாசமும் இல்லை. நம்ம ஊட்ல இல்லாத வாசமுங்க. எனக்குத் தோசை எறங்கலை. ரெண்டு நாளு கெடந்து வெந்தேன். அப்புறம் அவ குளிக்கப் போன நேரமாப் பாத்துப் பையத் தொறந்தேன். ரப்பருங்ணா. அழிரப்பர். ஸ்ட்ராபெரி வாசம் அடிக்கற ரப்பரு, குழந்தைங்க வெச்சிருக்குமே, அது. சரி, ரப்பருதான்னு மனசு ஆறலாமில்ல? ஆறலை. அந்த ரப்பரு யாரு வாங்கிக் குடுத்தான்னு புடிச்சுக்கிச்சு. அன்னைக்கே போயி காம்பஸ் டப்பா, ஸ்கேலு, பென்சிலு, வாசம் வர்ற ரப்பரு அஞ்சாறு, எல்லாத்தையும் நானே வாங்கியாந்து வெச்சேன். "எதுக்குங்க இத்தனை ரப்பரு"ன்னா. "அழி"ன்னேன்.

சிரிக்காதீங்ணா. உங்களுக்கென்ன, உங்க பொண்ணு எழுதுது. பொண்டாட்டி எழுதிப் பாருங்க.

அவ பையத் தினமும் ஒருக்காப் பாத்துருவேன். சந்தேகமெல்லாம் இல்லை, ஒரு அக்கறைதான். அப்படிப் பாக்கறப்ப ஒரு நாளு புஸ்தகத்துக்குள்ளருந்து ஒரு தாளு உழுந்துச்சு. பச்சைக் கட்டம் போட்ட தாளு. அதுல பென்சில்ல ஒரு படம். அந்தக் குச்சிய இப்படிக் குடுங்க, மண்ணுல போட்டுக் காட்டறேன். படுக்க ஒரு கோடு, நிக்க ஒரு கோடு. ரெண்டும் வெட்டிக்கற எடத்துல "சி"ன்னு ஒரு இங்கிலீஸ் எழுத்து. அந்த "சி" மேலயே குறுக்கும் நெடுக்குமா இன்னும் ரெண்டு கோடு, பெருக்கல் குறியாட்ட. இந்தப் பக்கம் வில்லாட்ட ஒரு வளைவு, அந்தப் பக்கம் ஒரு வளைவு, ஒன்னுக்கொன்னு முதுகு காட்டிட்டு. இந்த வளைவோட வயித்துக்குள்ள ஒரு புள்ளி, "எஸ்". அந்த வளைவுக்குள்ள ஒரு புள்ளி, அதுக்குப் பக்கத்துல எஸ்ஸு மேல ஒரு சின்னக் கோடு இழுத்து எழுதியிருக்குது, "எஸ் டேஷ்".

நல்லாப் பாருங்ணா. "சி"ன்னா யாரு? சென்னியப்பன். பேங்குல கையெழுத்துப் போடறதே நான் "சி"ல ஆரம்பிச்சுத்தான். என்னைய நடுவுல வெச்சு, என் மேல பெருக்கல் குறி போட்டு அடிச்சிருக்குது. "எஸ்"ன்னா சாந்தாமணி. அந்தப் பக்கம் எஸ் டேஷ். நம்மூர்ல டேஷ்னா என்னங்க அர்த்தம்? வாயில சொல்லக் கூடாததத்தானே டேஷ்னு சொல்லுவோம்? கோடிட்ட எடத்தை நிரப்புக. எஸ்ஸுல ஆரம்பிக்கற பேரு, வெளிய சொல்லக் கூடாத பேரு, எதுங்க? ஒன்னாங்கிளாஸ் குழந்தை நிரப்பிப்போடும்.

பத்தாததுக்கு "ஏ"ன்னு ஒன்னு, "ஏ டேஷ்"னு ஒன்னு, அவங்க ரெண்டு பேரும் வேற அதுல இருந்தாங்க. அவங்க யாருன்னு ரோசனை பண்ணக்கூட எனக்குத் தெம்பு இல்லை. ஒருத்தனைச் சமாளிக்கறதே பெரும்பாடு.

அந்தத் தாளை மடிச்சு இருந்தபடியே உள்ள வெச்சுட்டேன். அன்னைக்கு ஓவன்ல வெச்ச பன்னு மூனு தட்டும் கருகிப்போச்சு. இத்தனை வருசத்துல கருகுனதே இல்லை.

அதுக்கப்புறம் நான் டியூசன் மாடிப்படிக்குப் போக ஆரம்பிச்சேன். ஒளிஞ்சு நின்னேன்னு சொல்லாதீங்க, படியில நின்னேன். பொதுப்படிதானுங்க அது. மேல தகரக் கொட்டாய், பேசறது அத்தனையும் கீழ கேக்கும். ஒரு மாசத்துக்கு மேல நின்னேன். இப்ப வேணும்னா அந்தப் படத்தை நானே போட்டுக் காட்டுவேன், பாக்கறீங்களா? எக்ஸ் ஸ்கொயர் பை பதினாறு, மைனஸ், ஒய் ஸ்கொயர் பை ஒம்பது, ஈக்குவல் டு ஒன்னு. பதினாறுக்கு வர்க்கமூலம் நாலு, ஒம்பதுக்கு மூனு. நடுப்புள்ளிதான் "சி", சென்டராம், அங்கருந்து இப்படி நாலு, அப்படி நாலு. மேல மூனு, கீழ மூனு. ஒரு பொட்டி போட்டுக்கோணும். பொட்டிக்கு மூலைக்கு மூலை கோடு இழுத்து வெளிய நீட்டி உடோணும். அதுதான் தொலைத்தொடுகோடு. மைனஸ் ஒய் மேல இருக்குதா? அப்ப வளைவு பக்கவாட்டுல தொறக்கும். மைனஸ் எக்ஸ் மேல இருந்தா மேலயும் கீழயும் தொறக்கும். இங்கதான் முக்காவாசிப் பேரு கோட்டை உடறது. பொட்டியோட பக்கம் நாலுல தொட்டுட்டு ஆரம்பிச்சு, அந்தக் கோட்டுக்குப் பக்கத்துல, இன்னும் பக்கத்துல, இன்னும் பக்கத்துலன்னு போயிட்டே இருக்கோணும். அதுக்குப் பேரு அதிபரவளையம். பாத்தீங்களா, நான் பத்தாவது பாதியில நின்னவன்.

அந்த எஸ்ஸும் எஸ் டேஷும் எங்க வரும்னு கேளுங்க. பதினாறும் ஒம்பதும் இருவத்தஞ்சு, அதுக்கு அஞ்சு. இந்தப் பக்கம் அஞ்சுல எஸ்ஸு, அந்தப் பக்கம் அஞ்சுல எஸ் டேஷு. குவியம்பாங்க. இதெல்லாம் எனக்குப் பின்னாலதான் வெளங்குச்சு. அன்னைக்கு வெளங்கியிருந்தா இத்தனை ரவுசு ஆகியிருக்காது.

எந்த ரவுசா? அதைத்தானே சொல்ல வர்றேன்.

அன்னைக்குப் படியில நிக்கறேன். கடையில டீ ரஷ்ஷு, அப்படியே உட்டுப்போட்டு வந்திருக்கேன், கையெல்லாம் மைதா மாவு. மேலருந்து சம்பத்தோட சத்தம் வருது. "அக்கா, தொட்டுட்டீங்களே!"ங்கறான். எனக்குப் படி ஒரு சுத்துச் சுத்துச்சு. இவ சொல்றா, "தெரியாமத் தொட்டுட்டேனுங்க சார்." அவன், "பரவால்லீங்க. மறுக்கா ஒருதடவை. கிட்டப் போங்க, இன்னும் கிட்டப் போங்க, ஆனாத் தொட்டுறக் கூடாது." இவ, "கை நடுங்குதுங்க சார்." அவன் சொல்றான், "நடுங்கத்தான் செய்யும். மூச்சை இழுத்துப் புடிச்சுக்குங்க."

நீங்களே சொல்லுங்ணா. ஒரு ஆம்பளையா, ஒரு புருசனா, அந்தப் படியில நீங்க நின்னிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?

நாலு படி ஒரே தாவா ஏறுனேன். கதவைத் தள்ளுனேன். உள்ள பூந்து சம்பத்தைத் தேடறேன், அவன் அந்தக் கடைசியில போர்டுக்கிட்ட நிக்கறான், கையில சாக்பீஸு. இவ இந்தக் கடைசியில, கடைசி பெஞ்சுல, வரைஞ்ச தாளை அங்கருந்தே அவனுக்குத் தூக்கிக் காட்டியிருப்பா போல. நடுவுல ஒரு கூட்டம் பசங்களும் புள்ளைங்களும். அத்தனை பேரும் கட்டத்தாள்ல குனிஞ்சிருக்குதுங்க. ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு லாரி நிறுத்தலாம். அதைப் பாத்து நான் திரும்பி வந்திருக்கோணும். ஆனா ஏறுன வேகம் எறங்கலையே. "யார்ரா இங்க எஸ் டேஷு?"ன்னு ஒரு கத்துக் கத்துனேன்.

அத்தனை தலையும் நிமுந்துச்சு. முன் பெஞ்சுல ரெட்டைச் சடை போட்ட ஒரு புள்ளை சட்டுனு எந்திரிச்சுக் கையக் கட்டிட்டு, "எஸ்ஸுக்கு எதிர்ப்பக்கம் இருக்கற இன்னொரு குவியமுங்க"ன்னுச்சு. என்னைய யாரோ அதிகாரின்னு நெனச்சுக்கிச்சு போல. சம்பத்தும் பழக்கதோசத்துல "சரி, உக்காரு"ன்னான். அப்புறம்தான் ஒரு பையன் குபுக்குனு சிரிச்சான். அப்புறம் எல்லாம் சிரிச்சுதுங்க.

சம்பத்து மொகம் வெளுத்துப்போச்சு. "அண்ணா, என்னங்ணா ஆச்சு, உக்காருங்ணா"ங்கறான். நான் சாந்தாமணியப் பாக்கறேன். "எந்திரி, போலாம்"ங்கறேன்.

அவ என்ன பண்ணுனா தெரியுங்களா? அழுகலை. கத்தலை. எடது கையத் தூக்கி, உள்ளங்கைய எனக்குக் காட்டி, "ஒரு நிமிசம் இருங்க"ன்னா. சொல்லிப்போட்டு மறுக்கா குனிஞ்சுக்கிட்டா. அந்தப் பக்கத்து வளைவு பாதியில நின்னிருந்துச்சு. அதை இழுக்கறா. ஸ்கேலு இல்லாம வெறுங்கையில, மெதுவா. கோட்டுக்கிட்டப் போகுது பென்சிலு, இன்னும் கிட்டப் போகுது, தொடலை. நான் அத்தனை பேருக்கு முன்னால மாவுக் கையோட நிக்கறேன். எல்லாரும் என்னைய உட்டுட்டு அவ கையப் பாக்கறாங்க. நானும்தான் பாத்தேன். என்ன பண்றது, பாக்காம இருக்க முடியலை.

அப்பத்தானுங்க அவ மூஞ்சியப் பாத்தேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியலைங்ணா. கல்யாண போட்டாவுல அந்த மூஞ்சி இல்லை. மக பொறந்து கையில குடுத்தப்ப இல்லை. திருச்செந்தூர் போயி கடல்ல நின்னோம், அப்ப இல்லை. எங்கூடக் குடும்பம் நடத்துன இத்தனை வருசத்துல நான் பாக்காத மூஞ்சி. யாருமே இல்லாத எடத்துல நிக்கறாப்புல, நிம்மதியா. எனக்கு என்ன வந்துச்சுங்கறீங்க? பொறாமைதான். ஆமா, பொறாமைதான், வேறென்ன பேரு அதுக்கு? அந்த மூஞ்சிய அந்த சம்பத்துப் பய தினமும் பாக்கறானில்ல!

முடிச்சா. பென்சிலை டப்பாக்குள்ள வெச்சா. தாளை சம்பத்துகிட்டக் கொண்டுபோயிக் குடுத்தா. அவன் பாத்து, தலையாட்டி, "கரெக்ட்டுங்கக்கா"ன்னான். அப்புறம் பையத் தூக்கிட்டு என்கிட்ட வந்து, "வாங்க"ன்னா. டிவிஎஸ்ல பின்னால உக்காந்து ஊடு வர்ற வரைக்கும் பைய மடியில வெச்சுக் கட்டிப் புடிச்சுட்டே வந்தா. எனக்கு அவ நாலு திட்டுத் திட்டுனாத் தேவலைன்னு இருந்துச்சு.

மக்காநாளு டியூசன் போகலை. அதுக்கு மக்காநாளும் போகலை. "ஏன், போகலையா"ன்னு கேட்டேன். "இல்லீங்க"ன்னா. அவ்வளவுதான். சம்பத்து ஒரு பையன்கிட்ட நோட்ஸெல்லாம் குடுத்து அனுப்பிச்சான். அதையும் நான் ஒவ்வொரு பக்கமாத் திருப்பிப் பாத்துட்டுத்தான் குடுத்தேன். வெறும் கணக்குத்தான். ஒரு வெவரமும் இல்லை.

நான் ஜெயிச்சுட்டேன், இல்லீங்களா? சம்பத்து போயாச்சு. அவ ஊட்லயும் கடையிலயும்தான். வேலை முடிஞ்சா கடைக்குப் பின்னால, பன்னு அடுக்கற மேசையில ஒரு ஓரத்தைத் தொடைச்சு உக்காந்துக்குவா. என் கண்ணு முன்னால. எனக்கு அதுதானே வேணும்? ஆனாப் பாருங்க, அங்க உக்காந்து அந்தக் கட்டத்தாளை விரிச்சாப் போதும், அதே மூஞ்சி வந்துருது. சம்பத்து இல்லை. ஒருத்தனும் இல்லை. மேசை, பென்சிலு, அவ. அந்த மூஞ்சி மட்டும் அப்படியே இருக்குது. எனக்கு அது இன்னும் மோசமாப் போச்சுங்க. சம்பத்து இருந்தா அவனையாச்சும் நாலு கேள்வி கேக்கலாம். பச்சைக் கட்டம் போட்ட தாளுகிட்டப் போயி என்னன்னு சண்டை புடிக்கறது?

அவ பொறந்த நாளு வந்துச்சு. நான் பொறந்த நாளெல்லாம் கொண்டாடற ஆளு இல்லை, அடுத்தவனுக்குக் கேக்குப் போட்டே சலிச்சுப்போச்சு. ஆனா அன்னைக்கு நானே நின்னு ஒரு கேக்குப் போட்டேன். மேல வெள்ளை ஐசிங்கு. அதுல பச்சையில கட்டம் கட்டமாக் கோடு. சாக்லேட்டுல பொட்டி போட்டு, மூலைக்கு மூலை இழுத்து, செவப்புல ரெண்டு வளைவும் போட்டேன். எஸ்ஸு, எஸ் டேஷு எல்லாம் போடலை, நடுவுல ஒரு ரோஸு மட்டும் வெச்சேன். நாலு மணி நேரம் எடுத்துக்கிச்சு. கடையில டீ மாஸ்டரு, "இது என்னங்ணா டிசைனு, யாரு ஆர்டரு?"ங்கறான். "இது பெரிய எடத்து ஆர்டரு, நீ போ"ன்னேன்.

சாந்தாமணி வந்து பாத்தா. குனிஞ்சு பாத்தா. சிரிச்சா, எனக்கு உசுரு வந்துச்சு. அந்த மூஞ்சி வந்துரும், வந்துரும்னு பாத்துட்டே இருக்கேன். அவ வெரலை நீட்டி, ஒரு ஓரமாக் காட்டி, "இங்க தொட்டிருச்சுங்க மாமா, தொடக் கூடாது"ன்னா.

ஐசிங்கு அப்படித்தானுங்க இருக்கும்! கோனை அழுத்துனா ரெண்டு நூலு தள்ளி உழுகும். பென்சிலு மாதிரி வருமா? அதை நான் சொல்லலை. "தொட்டா என்ன ஆகுமாம்?"னேன். "ஒன்னும் ஆகாதுங்க, தப்பு, மார்க்குப் போயிரும்"னா. அப்புறம் ஒரு துண்டு வெட்டி எனக்கு ஊட்டி உட்டா, அவளும் சாப்பிட்டா. நல்லாருக்குதுன்னா. நல்லாத்தானுங்க இருந்துச்சு. ஆனா நான் அந்தக் கேக்கைப் போட்டது திங்கறதுக்கா?

பரீட்சை கிட்ட வர வர, நான் அவகிட்டக் கணக்குப் பத்தியே பேச ஆரம்பிச்சேன். வேற எதைப் பேசுனாலும் "ம்"தான். இதைப் பேசுனாத்தான் நிமுந்து பாக்கறா. "மைனஸ் எக்ஸ் பக்கம் இருந்தா எப்படித் தொறக்கும் சொல்லு பாக்கலாம்"னு கேப்பேன். "மேல கீழங்க"ம்பா. "குவியம் எங்க வரும்?" "நிக்கற கோட்டுல வருமுங்க." ஒரு நாளு கேட்டா, "உங்களுக்கு எப்படீங்க இதெல்லாம் தெரியும்?" படியில நின்னு கேட்டேன்னு சொல்ல முடியுங்களா? "எல்லாம் ஒரு பொது அறிவுதான்"னேன். அவ பென்சிலைச் சீவ ஆரம்பிச்சுட்டா. அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்னு வெச்சுக்குங்க.

இருங்க, ஒரு பைக்கு வருது. செவப்புதான். இல்லை, இல்லை, அது போஸ்ட் ஆபீசு. சம்பத்து டியூசன் பசங்களுக்கும் இங்கதான் சென்டரு, அதான் வந்தாலும் வருவான்னு பாக்கறேன். கடையை மூடிப்போட்டு நான் எதுக்கு வந்து உக்காந்திருக்கேன்னு நெனைக்கறீங்க? பஸ்ஸுல வந்திருவாளாம், துணைக்கு வேண்டாங்கறா. வெயிலுன்னு சொல்லி நானேதான் கூட்டிட்டு வந்தேன்.

போன வாரம் நடந்ததைச் சொல்லிடறேன், அதைச் சொல்லாம உட்டா உங்களுக்குப் பாதிதான் தெரியும். மத்தியானம், கடையில ஈ ஓட்டற நேரம். டீ மாஸ்டரு தூங்கப் போயிட்டான். நான் ரெண்டு டீய எடுத்துட்டுப் பின்னால போனேன். அவ வரைஞ்சுட்டு இருக்கா. டீய வெச்சேன், தெரியலை. பக்கத்துல நின்னேன், தெரியலை. செருமிப் பாத்தேன். டீ ஆறி மேல ஆடை கட்டிருச்சு. எத்தனை நாளைக்குத்தான் மனசுக்குள்ளயே வெச்சுட்டு இருக்கறது? கேட்டே போட்டேன். "ஏம் புள்ளை, யாரை நெனச்சுட்டு இதை வரையறே?"

அவ நிமுரலை. அந்த வளைவை முழுசா இழுத்தா. முடிச்சுட்டு, பென்சிலைக் கீழ வெச்சுட்டு, என்னையப் பாத்துச் சொன்னா. கோவமாச் சொல்லலைங்ணா, குழம்புக்கு உப்புப் போதுங்களான்னு கேக்கறாப்புல சாதாரணமாத்தான் சொன்னா. "யாரையும் நெனைக்கலீங்க மாமா. யாரையும் நெனைக்காம சித்த நேரம் இருக்கலாம்னுதானுங்க இதைப் படிக்கறதே."

பாத்தீங்களா? எனக்கு அப்பத்தான் போன உசுரு திரும்பி வந்துச்சு. யாரையும்னா, சம்பத்தும் அதுக்குள்ள வந்துட்டானில்லீங்களா? அந்த ஏ, ஏ டேஷு, எல்லாரும் வந்தாச்சில்ல? அவ வாயாலயே சொல்லிட்டா. அன்னைக்கு ராத்திரி படுத்ததும் தூங்கிப்போட்டேன்.

அப்புறம் ஒரு வாரமாத் தூக்கமில்லை. அது வேற ஒன்னும் இல்லை, ஒரு சின்ன வெசனம். ஏனுங்ணா, இத்தனை நேரம் பேசறேன், நீங்க என்ன வேலைன்னு கேக்கவே இல்லை பாருங்க. பத்திரம் எழுதறவருங்களா? அட! அப்ப உங்களத்தான் கேக்கோணும். நீங்க ஒவ்வொரு வார்த்தையா நிறுத்துப் பாக்கறவரு. பத்திரத்துல எழுதுவீங்களே, "இச்சொத்தில் வேறு யாருக்கும் பாத்தியம் இல்லை"ன்னு. எங்கடைப் பத்திரத்துலயும் இருக்குது, போன வாரம் எடுத்துப் படிச்சுப் பாத்தேன். அதுல "வேறு யாருக்கும்"னு இருக்குதுங்க. அப்ப எழுதிக் குடுத்தவனும் வாங்குனவனும் அதுல சேத்தி இல்லை, மத்தவங்கதான் சேத்தி, அதுதானே கணக்கு? ஆனா இவ "வேற யாரையும்"னு சொல்லலைங்ணா. நான் நல்லா ஞாபகம் பண்ணிப் பாத்துட்டேன், அந்த "வேற" இல்லை. வெறும் "யாரையும்"னுதான் சொன்னா. அப்ப, அதுல நானும் சேத்திங்களா?

இருங்க, இருங்க. சொல்லிப்போடாதீங்க. மணி அடிக்கறாங்க.